பள்ளிக்கூட வாசலில் சமயமும் அரசியலும்

பள்ளிகள் திறக்கும் காலம் நெருங்கிவிட்டால் நம் சங்கத்துப் படிப்பகத்தில் பேச்செல்லாம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியதாகவே இருக்கும். எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, தமிழ் ஒரு பாடமாகவேனும் உண்டா என்பவையே ஆண்டுதோறும் நம் காதில் விழும் கேள்விகள். இவ்வாண்டு அவற்றோடு வேறொரு கேள்வியும் வந்து சேர்ந்தது.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். சமய ஸ்தாபனம் ஒன்றின் பொறுப்பில், சர்க்கார் மானியம் பெற்று நடக்கும் பள்ளி அது. ஒழுங்குக்கும் நல்ல தேர்ச்சிக்கும் பெயர் பெற்றது. நாள்தோறும் காலையில் பாடம் தொடங்குமுன் அச்சமயத்தின் முறைப்படி அரைமணி நேர வழிபாடு நடைபெறும். அன்பரின் குடும்பமோ வேறு சமயத்தைச் சேர்ந்தது. ஓரிரவு உணவு நேரத்தில் அந்தப் பெண், “அப்பா, நம் வீட்டில் கும்பிடாத சாமியைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் நான் ஏன் கும்பிட வேண்டும்?” என்று கேட்டிருக்கிறாள். தந்தைக்கு விடை தெரியவில்லை. இச்செய்தி எப்படியோ தெருவில் பரவி, வட்டாரத்து அரசியல் அன்பர் ஒருவர் மறுநாளே வீடு தேடி வந்துவிட்டார். “ஒரு மனு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாளைக்கே பள்ளி வாசலில் நூறு பேரைக் கொண்டு வந்து நிறுத்துகிறோம்” என்றாராம். மாநகராட்சித் தேர்தல் அண்மையில் வரவிருப்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்திடாத அந்த மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்பர் நம்மிடம் வந்தார். படிப்பகத்தில் அன்று கூடியிருந்தோரிடம் மூன்று கருத்துகள் எழுந்தன. எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன, வணக்கம் ஒரு பிள்ளையையும் கெடுத்ததில்லை என்றார் முதியவர் ஒருவர். வளரும் மனத்தில் வலிந்து ஒன்றைத் திணிப்பது தகாது என்றார் மற்றொருவர். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அரசியல்வாதியின் துணை வலியக் கிடைக்கும்போது விடுவானேன் என்றார் இளைஞர் ஒருவர். ஒரு வாரம் பொறுத்திருக்குமாறு அன்பரைக் கேட்டுக்கொண்டோம். அந்த ஒரு வாரத்தில் நாம் எண்ணியதையும் படித்துத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறோம். இக்கேள்வி இன்று அவர் வீட்டில் எழுந்தது. நாளை எவர் வீட்டிலும் எழக்கூடும்.

பள்ளி என்னும் சொல்

சமயமும் கல்வியும் நேற்று இன்று உறவு கொண்டவை அல்ல. நாம் அன்றாடம் வழங்கும் ‘பள்ளி’ என்னும் சொல்லே இதற்குச் சான்று. பழைய கல்வெட்டுகளில் பள்ளி என்பது சமண முனிவரும் பௌத்தத் துறவியரும் உறைந்த இடத்தைக் குறிக்கும். பின்னாளில் அச்சொல் எழுத்துக் கற்பிக்கும் கூடத்துக்கும் ஆகி, இசுலாமியர் தொழும் பள்ளிவாசலுக்கும் ஆகி வந்தது. கேரளத்தில் கிறிஸ்தவ ஆலயத்தையும் பள்ளி என்றே வழங்குகிறார்கள். ஒரே சொல்லில் இத்தனை சமயங்களும் கல்வியும் கூடி வாழும் மொழி நம்முடையது. ஆகவே, சமயம் கல்விக்குப் பகை என்று எடுத்த எடுப்பில் கூறிவிட நமக்கு மனம் வராது. ஏழை மக்களுக்கு ஏடு திறந்தவர்களில் மடங்களும் உண்டு, மிஷன்களும் உண்டு, மதரசாக்களும் உண்டு.

தொல்லை தொடங்குவது பொதுப் பணம் வந்து சேரும் இடத்தில்தான். 1854-இல் வெளியான சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறையை இந்தியாவில் வகுத்தது. பள்ளியை நடத்துபவர் ஒருவர், செலவில் பங்கு கொடுப்பது சர்க்கார் என்று ஆயிற்று. வரி செலுத்துவோர் எல்லாச் சமயத்தினரும் ஆவர். பள்ளியின் நிருவாகமோ ஒரு சமயத்தினர் கையில் இருக்கும். அப்படியானால் அந்தப் பள்ளி யாருடையது? இவ்வினாவுக்கு நூற்றெழுபது ஆண்டுகளாகியும் முடிந்த முடிபாக எவரும் விடை கூறிவிடவில்லை.

அரசியற் சட்டம் இட்ட கோடு

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியற் சட்டம் இதற்கு ஒரு நடுவழி கண்டது. 28-ஆவது ஷரத்தை நம் வீட்டார் அனைவரும் ஒருமுறையேனும் படித்துப் பார்த்தல் நலம். முழுவதும் அரசுப் பணத்தால் நடைபெறும் கல்விக்கூடத்தில் சமயபோதனை கூடாது என்கிறது அது. அறக்கட்டளை ஒன்றின் விதிப்படி சமயபோதனைக்கென்றே ஏற்பட்டு, அரசு நிருவகிக்க நேர்ந்த கல்விக்கூடத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மூன்றாவதாக, அரசின் அங்கீகாரமோ மானியமோ பெற்ற பள்ளியில் சமயபோதனையும் வழிபாடும் நடக்கலாம். ஆனால் மாணவர் தம் விருப்பத்தோடு அன்றி அவற்றில் கலந்துகொள்ள வேண்டியதில்லை. மாணவர் சிறுவராயின் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

சம்மதம் என்ற அந்தச் சொல்லில் நம் அன்பரின் சிக்கல் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. சேர்க்கைப் படிவத்தை வரவழைத்துப் பார்த்தோம். பள்ளியின் வழிபாடுகளில் தம் பிள்ளை பங்கு கொள்வதற்கு இசைவதாக நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது; அதன் கீழே அன்பரின் கையெழுத்தும் இருந்தது. இடம் கிடைத்த மகிழ்ச்சியில் படிக்காமலே ஒப்பமிட்டுவிட்டார். அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நம்மில் எத்தனை பேர் படித்துவிட்டு ஒப்பமிட்டிருக்கிறோம்?

இதற்கு அடுத்து வருவன 29, 30 ஆகிய ஷரத்துகள். மானியம் பெறும் பள்ளி, சமயம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கலாகாது என்பது ஒன்று. சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராக உள்ளோர் தமக்கு விருப்பமான கல்விக்கூடங்களை நிறுவி நடத்திக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. ‘சமயத்தாலோ மொழியாலோ’ என்னும் தொடரைச் சற்றே ஊன்றி நோக்க வேண்டுகிறோம். வேற்று மாநிலத்தில் வாழும் தமிழராகிய நாம் மொழிச் சிறுபான்மையினர். சமய ஸ்தாபனங்களின் பள்ளிகளைக் காக்கும் அதே வேலிதான் தமிழ்ச் சங்கங்களின் பள்ளிகளையும் காக்கிறது. தலைநகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளை நம்மில் பலர் அறிவோம். அத்தகைய முயற்சிகளுக்கெல்லாம் அடித்தளமாக நிற்பது 30-ஆவது ஷரத்தே.

கேரளம் கற்பித்த பாடம்

இந்த வேலி எவ்வளவு தூரம் வலியது, எவ்விடத்தில் முடிகிறது என்பதை நாடு அறிந்துகொண்டது கேரளத்தில்தான். பள்ளிக்கூடம் ஓர் ஆட்சியையே கவிழ்க்க வல்லது என்பதையும் அங்கேதான் கண்டோம். ஆகையால் அக்கதையைச் சற்று விரித்துரைப்போம்.

திருவிதாங்கூரில் கல்வி பெருகியதற்கு அரசும் சமயமும் சேர்ந்தே காரணம். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-இல் பிறப்பித்த ஆணை புகழ் பெற்றது. மறுபுறம் சர்ச் மிஷன் சங்கத்தாரும், கத்தோலிக்கத் திருச்சபையினரும், பின்னர் நாயர் சர்வீஸ் சொசைட்டி, ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் முதலான சமுதாய அமைப்பினரும் ஊர்தோறும் பள்ளிகளை எழுப்பினர். எழுத்தறிவில் கேரளம் நாட்டுக்கே முன் நின்றது இவர்கள் உழைப்பினால்தான். எனினும் பள்ளி வைத்திருப்பவர்க்கே ஊரில் செல்வாக்கு என்ற நிலையும் உடன் வளர்ந்தது. 1940-களின் நடுவில் திவானாக இருந்த ஸர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் தொடக்கக் கல்வியை அரசின் கைக்குக் கொண்டுவர முயன்றபோது, சங்கனாச்சேரி ஆயர் அதனை எதிர்த்துச் சுற்றுமடல் விடுத்தார். அதிகாரம் மிக்க திவானும் அம்முயற்சியை நிறைவேற்ற இயலவில்லை.

அந்நாளைய தனியார் பள்ளி ஆசிரியரின் நிலை இரங்கத்தக்கது. வேலை கொடுப்பதும் மேலாளர், நீக்குவதும் மேலாளர். ஒரு தொகைக்குக் கையெழுத்திட்டு அதனினும் குறைந்த தொகையைப் பெற்றுச் செல்ல நேர்ந்தவர்கள் பலர். 1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்டு மந்திரி சபை அமைந்தபோது, கல்வி மந்திரியானார் ஜோசப் முண்டசேரி. அவரே ஒரு கத்தோலிக்கர், கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர், இலக்கிய விமரிசகர். அவ்வாண்டு ஜூலையில் அவர் கொண்டுவந்த கல்வி மசோதா செப்டம்பரில் சட்டசபையில் நிறைவேறியது.

மசோதா கூறியது இது: ஆசிரியர் சம்பளத்தை அரசே நேராக வழங்கும், மானியப் பள்ளி வசூலிக்கும் கட்டணம் அரசுக்குச் சேரும், ஆசிரியர்களைப் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தயாரிக்கும் பட்டியலிலிருந்தே நியமிக்க வேண்டும், கடமை தவறிய பள்ளியின் நிருவாகத்தை அரசு ஏற்றுக்கொள்ளலாம், தொடக்க வகுப்புகளில் கட்டணம் கூடாது. ஆசிரியர்களுக்கு இது விடியலாகத் தோன்றியது. மேலாளர்களுக்கோ தம் வீட்டுத் திறவுகோலைப் பிறர் கேட்பது போலிருந்தது. சமய நம்பிக்கையுடைய பலர்க்கு வேறோர் அச்சமும் இருந்தது. இறை நம்பிக்கையற்ற கட்சியின் கையில் பள்ளியும் பாடநூலும் சென்றுவிட்டால் தம் பிள்ளைகள் மனம் என்னவாகும் என்பதே அது. இரு சாராரின் உணர்ச்சியிலும் உண்மை இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் மசோதாவுக்கு உடனே இசைவு அளிக்காமல், உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் முதலாக ஏழு நீதிபதிகள் ஆராய்ந்து 1958 மே 22-இல் விடை கூறினர். அதில் நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, சிறுபான்மை என்பதை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினா. கேரள மக்கள் ஏறத்தாழ 1 கோடியே 42 லட்சம் பேரில் அன்று கிறிஸ்தவர் 34 லட்சம், முஸ்லிம்கள் 25 லட்சம் என்று கணக்கிடப்பட்டது. சில வட்டாரங்களில் அவர்களே பெரும்பான்மையினர் ஆயிற்றே என்ற வாதம் எழுந்தது. சட்டம் மாநிலம் முழுமைக்கும் உரியதாகையால் மாநிலத்தையே அளவாகக் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். இரண்டாவது, நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிருவகிக்கும் உரிமை ஆகாது. மானியம் கொடுக்கும் அரசு ஆசிரியர் தகுதி, சம்பளம் முதலியவற்றில் நியாயமான விதிகளை வகுக்கலாம். மூன்றாவது, சிறுபான்மையோரின் பள்ளியை அவர்கள் கையிலிருந்தே பறிக்கும் பிரிவுகள் அவர்கள்மேல் செல்லா.

இக்கருத்தோடு ஓரிடத்தில் மாறுபட்டு எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். சென்னையிலிருந்து சென்றவர், முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் ஆழ்ந்த புலமையுடையவர், 1944-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். சிறுபான்மையோர் பள்ளி நடத்துவதை அரசு தடுக்கலாகாது என்பது சரி. ஆனால் அப்பள்ளிக்கு அங்கீகாரம் அளித்தே தீரவேண்டும் என்று அந்த ஷரத்து அரசைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது அவர் கருத்து. பெரும்பான்மை நீதிபதிகள் இதனை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் இன்று வேற்று மாநிலத்துத் தமிழ்ப் பள்ளிகளின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். அங்கீகாரமில்லாத பள்ளியில் படித்த பிள்ளை எந்தப் பொதுத்தேர்வை எழுதும்? எந்தக் கல்லூரியில் சேரும்? கேரளத்துத் திருச்சபையார் தம் பொருட்டு வாதாடிப் பெற்றதன் பயனில் நமக்கும் பங்குண்டு.

சட்டத்தை விஞ்சிய தெரு

நீதிமன்றம் கூறியதற்கேற்ப மசோதா திருத்தப்பட்டு 1959 பிப்ரவரியில் இசைவு பெற்றுச் சட்டமாயிற்று. வழக்கு அத்துடன் தீர்ந்தது என்று எவரும் நினைப்பர். தீரவில்லை. நிலச் சீர்திருத்த மசோதாவும் சேர்ந்துகொள்ள, ஜூன் 12-ஆம் நாள் ‘விமோசன சமரம்’ என்ற பெயரில் போராட்டம் மூண்டது. கத்தோலிக்கத் திருச்சபை, மன்னத்து பத்மநாபன் தலைமையில் நாயர் சர்வீஸ் சொசைட்டி, முஸ்லிம் லீக், காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்டுக் கட்சி எனத் தமக்குள் ஒத்துப்போகாத பலரும் ஓரணியில் நின்றனர். மறுநாளே அங்கமாலியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் மாண்டனர். வேறிடங்களிலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன, வாசல்களில் மறியல். பிள்ளைகளின் பொருட்டு என்று சொல்லித் தொடங்கிய போரில் முதலில் நின்றுபோனது பிள்ளைகளின் படிப்பு.

ஜூலை 31-இல் மத்திய அரசு அம்மந்திரி சபையை நீக்கியது. 1960 பிப்ரவரித் தேர்தலில் கூட்டணி வென்று பட்டம் தாணுப் பிள்ளை முதல்வரானார். கம்யூனிஸ்டுக் கட்சி 60 இடங்களிலிருந்து 29-க்கு இறங்கியது. ஆனால் அது பெற்ற வாக்கு விகிதமோ முன்னிலும் கூடியது. மக்கள் இரு பாதியாகப் பிளந்து நின்றார்கள் என்பதே அதன் பொருள். புதிய அரசு அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, ஆசிரியர் நியமனத்தை மேலாளர் கையிலேயே விட்டது. ஆசிரியருக்கு அரசு நேராகச் சம்பளம் தரும் முறை நிலைத்தது. சம்பளம் பொதுப் பணம், நியமனம் தனியார் கை என்ற அந்த ஏற்பாட்டைக் குறித்து இன்றளவும் கேரளத்தில் வாதம் ஓயவில்லை. எந்த ஆட்சியில் கல்வி இலாகா எந்தக் கட்சிக்கு, எந்தச் சமுதாயத்துக்கு என்பது அங்கே ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் கூர்ந்து நோக்கப்படுகிறது.

அரை நூற்றாண்டு கடந்து 2008-இல் ஏழாம் வகுப்புச் சமூகவியல் நூலில் வந்த ஒரு சிறு பாடம் மீண்டும் தீ மூட்டியது. கலப்புமணத் தம்பதியர் மகனைப் பள்ளியில் சேர்க்க வருகின்றனர். தலைமையாசிரியர் அவன் சமயத்தைக் கேட்கிறார். எதுவும் எழுத வேண்டாம், வளர்ந்த பின் அவனே தேர்ந்துகொள்ளட்டும் என்கின்றனர் பெற்றோர். இவ்வளவே பாடம். நாத்திகத்தைப் பிள்ளைகளுக்குப் புகட்டுவதாகப் பல சமய அமைப்புகள் கிளர்ந்தெழுந்தன. அந்த ஜூலையில் மலப்புரம் மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் ஒன்றை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் தாக்குண்ட தலைமையாசிரியர் ஒருவர் உயிர் துறந்தார். வல்லுநர் குழு ஆராய்ந்தபின் பாடம் திருத்தப்பட்டது. திருத்துவதற்குப் பேச்சே போதுமாயிருந்திருக்கும். போன உயிர் திரும்பவில்லை.

பாடாமல் நின்ற மூவர்

அதே கேரளம் மற்றொரு பாடமும் தந்தது. 1985-இல் ஒரு பள்ளியில் மூன்று குழந்தைகள் தேசிய கீதத்தின்போது எழுந்து மரியாதையாக நின்றனர், ஆனால் பாடவில்லை. கடவுளைத் தவிர வேறெதனையும் போற்றிப் பாடலாகாது என்பது அவர்கள் சமயக் கொள்கை. ஆண்டுக்கணக்கில் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. சட்டசபையில் ஒருவர் எழுப்பிய கேள்விக்குப் பிறகே அது குற்றமாகி, மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், அவர்களைத் திரும்பச் சேர்க்குமாறு ஆணையிட்டது. எழுந்து நின்றதே மரியாதை. நம்பிக்கைக்கு மாறாகப் பாடச் சொல்வது தகாது என்றது.

இத்தீர்ப்பைப் படித்தபோது நம் அன்பரின் மகள் நினைவுக்கு வந்தாள். ஒரு பிள்ளை எழுந்து நிற்பதற்கும் வாய்விட்டுத் தொழுவதற்கும் இடையே ஒரு வெளி உண்டு. அந்த வெளியை நம் சட்டம் அந்தப் பிள்ளைக்கே விட்டிருக்கிறது.

சமயத்தைப் பற்றி அறிவதும் சமயத்தில் பயிற்றுவிப்பதும் வேறு வேறு என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும். குருநானக்கின் வாழ்வையும் போதனையையும் பல்கலைக்கழகத்தில் ஆராய்வது சமயபோதனை ஆகாது என்று 1971-இல் பஞ்சாபு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. சீக்கியர் மிக்க பஞ்சாபில் ஆரிய சமாஜத்தார் சிறுபான்மையினரே என்றும் அவ்வழக்கில் முடிவாயிற்று. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனும், 1959-இல் அமைந்த ஸ்ரீ பிரகாசா குழுவும், பாடத்துக்கு முன் சில நிமிடங்கள் மௌனமாகத் தியானிக்கலாம், எல்லாச் சமயப் பெரியோர் வரலாற்றையும் கற்பிக்கலாம் என்றே பரிந்துரைத்தன. மௌனத்துக்கு மொழியும் இல்லை, மதமும் இல்லை என்று கண்டார்கள் போலும்!

நம் தெருவுக்கு வருவோம்

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று தள்ளிவிட இயலாது. மத்திய அரசு ஊழியராகிய நம் அன்பர் பலரின் பிள்ளைகள் பயிலும் கேந்திரீய வித்யாலயங்களில் காலை வணக்கத்தின்போது சொல்லப்படும் வடமொழி, இந்தி வரிகள் 28-ஆவது ஷரத்துக்கு இசைந்தவையா என்ற வழக்கை, உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் 2019 ஜனவரியில் பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தனர். மும்பை மாநகராட்சி மன்றம் தன் பள்ளிகளில் யோகத்தையும் சூரிய நமஸ்காரத்தையும் கட்டாயமாக்கக் கோரி 2016 ஆகஸ்டில் தீர்மானம் நிறைவேற்றியபோது, மன்றத்தில் கட்சிகள் இரு கூறாக நின்று வாதிட்டன. அம்மாநகராட்சி தமிழிலும் பள்ளி நடத்துவது என்பதை நாம் மறக்கலாகாது.

2022-இல் கர்நாடகத்து உடுப்பியில் அரசுக் கல்லூரி ஒன்றில் மாணவியர் முக்காடு அணிந்து வகுப்புக்கு வருவதைப் பற்றி எழுந்த பூசல் நாடெங்கும் பரவிற்று. அங்கே கல்லூரி வளர்ச்சிக் குழுவின் தலைமையில் இருப்பவர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஓர் ஊர்க் கல்லூரியின் முதல்வர் அறைக்குள் பேசித் தீர்த்திருக்கக்கூடியது தெருவுக்கு வந்தது. மாநில அரசின் ஆணையாயிற்று. மார்ச்சு மாதம் உயர் நீதிமன்றத் தீர்ப்பாயிற்று. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளிக்க, பெரிய அமர்வை நோக்கிச் சென்றது. இதற்கிடையே தேர்வு எழுதாமல் வீட்டிலிருந்த பெண்களின் ஓராண்டை எந்த நீதிமன்றம் திரும்பத் தரும்?

இவற்றை அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று நமக்குத் தெளிவாயிற்று. சமயமும் பள்ளியும் சேர்ந்திருந்த காலத்திலும் பிள்ளைகள் படித்தார்கள். சட்டம் கோடு போட்டு விலக்கிய இடத்திலும் படித்தார்கள். தேர்தலுக்கு ஆள் திரட்டுவோர் பள்ளி வாசலுக்கு வந்தபோதுதான் படிப்பு நின்றது. வந்தவர் எந்தச் சமயத்தின் பெயரால் வந்தார், அல்லது சமய மறுப்பின் பெயரால் வந்தார் என்பது இதில் பெரிய வேறுபாடு செய்யவில்லை.

நம் கடமையும் இதில் உண்டு. சேர்க்கைப் படிவத்தை முழுமையும் படித்து, உடன்பாடில்லாத வரிக்கு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். ஷரத்து 28 அதற்கு இடம் தருகிறது. 2009-இன் கட்டாயக் கல்விச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் அமையும் நிருவாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டம் செல்லாது என்று 2014-இல் முடிவாயிற்று. ஏனைய பள்ளிகளில் அவ்விடங்களில் நாம் சென்று அமராவிட்டால் வேறெவரேனும் அமர்வர். தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் பள்ளிகளுக்கும் ஒரு சொல்: சிறுபான்மை உரிமையின் பேரால் நாம் நடத்தும் பள்ளியில் ஆசிரியர் நியமனம் தகுதி பார்த்து நடக்கிறதா, உறவும் சாதியும் சந்நிதியும் பார்த்து நடக்கிறதா? காலை வணக்கத்தில் நாம் பாடுவது நம் பள்ளிக்கு வரும் பிற சமயத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் உவப்பானதுதானா? பிறர் பள்ளியில் நம் பிள்ளைக்குக் கேட்கும் மரியாதையை நம் பள்ளியில் பிறர் பிள்ளைக்கு அளித்தாக வேண்டும்.

ஒரு வாரம் கழிந்து அன்பர் வந்தார். அந்த மனுவை அவர் கொடுக்கவில்லை. பள்ளியின் தலைமையாசிரியைக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, தாமும் மனைவியாருமாக நேரில் எடுத்துச் சென்றார். முன்னர் கையெழுத்திட்டதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, மகளின் கேள்வியை அப்படியே எடுத்துரைத்தார். அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, இக்கேள்வியை இதற்குமுன் ஒருவரும் தம்மிடம் நேரே வந்து கேட்டதில்லை என்றாராம். வழிபாட்டு வேளையில் நூலகத்தில் இருந்துகொள்ளலாம் என்று அந்தப் பெண்ணுக்கு அனுமதியும் தந்தார்.

இரண்டு நாள் நூலகத்தில் இருந்தாள் அவள். மூன்றாம் நாள் தோழியரோடு கூடத்துக்கே போய்விட்டாள். ஏனென்று தந்தை கேட்டதற்கு, “அவர்கள் கும்பிடும்போது நான் சும்மா நிற்கிறேன், அப்பா. டீச்சர் ஒன்றும் சொல்வதில்லை” என்றாளாம்.

அரசியல் அன்பர் அதன்பின் இருமுறை வந்து போனதாகக் கேள்வி.